போரும் பஞ்சமும் எப்போது ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்புகின்றன?

செங்கழுநீர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி, நாஜிகளின் எழுச்சி என எதை எடுத்துக்கொண்டாலும், போரினால் கஜானா காலியானது, விலைவாசி ஏறியது, மக்கள் பொறுமை இழந்தனர், ஆட்சி கவிழ்ந்தது என்ற ஒரே வாய்பாட்டைத்தான் பாடநூல்கள் ஒப்பிக்கின்றன. படிக்கும்போது சரியென்றே படுகிறது. ஆற அமர யோசித்தால், அது எதையும் விளக்கவில்லை என்று தெரிகிறது. போர்கள் எல்லாக் காலத்திலும் நடந்திருக்கின்றன. பசியும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. வாய்பாடு உண்மையானால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புரட்சியையாவது கண்டிருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. துன்பம் எந்தக் கட்டத்தில் திருப்புமுனையாகிறது? அதைத் தீர்மானிப்பது துன்பத்தின் அளவா, அது வந்து சேரும் வேகமா, அல்லது அது யார் தலையில் விழுகிறது என்பதா? அடுத்து, அவ்வாறு திரும்பும்போது ஒரு நாடு அரசியலமைப்பை நோக்கியும் இன்னொரு நாடு சர்வாதிகாரத்தை நோக்கியும் செல்வது ஏன்? பொதுவான கோட்பாடுகளைக் காட்டிலும், இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் நடந்தது என்று எடுத்துக்காட்டி விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கணக்காயன்

தங்கள் மூன்றாவது ஊகத்தையே நான் பிடித்துக்கொள்கிறேன். போரின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அரசுகள் முடிந்தவரை தள்ளிப்போடுகின்றன. கடன் வாங்கியோ, பணத்தை அச்சடித்தோ, கணக்கை மறைத்தோ காலத்தை ஓட்டுகின்றன. இனித் தள்ளிப்போட வழியில்லை என்ற நிலை வந்து, அக்கேள்வியை ஊரறியக் கேட்டே ஆகவேண்டும் என்றாகும் தருணத்தில்தான் வரலாறு திரும்புகிறது என்பது என் கருத்து.

இதற்கு அமெரிக்க விடுதலைப் போரைவிட நல்ல சான்று இல்லை. ஒரே போர் மூன்று நாடுகளைக் கடனில் ஆழ்த்தியது. மூன்றும் மூன்று வழியில் சென்றன. பிரான்ஸ் 1778இல் அப்போரில் இறங்கியது. நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் பெரும்பாலும் கடன் வாங்கியே போரை நடத்தினார். 1781இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற வரவுசெலவு அறிக்கை, போர்ச் செலவை வழக்கமான செலவு அல்லவென்று ஒதுக்கிவைத்துவிட்டு, கருவூலத்தில் உபரி இருப்பதாகக் காட்டியது. கடன் கொடுப்போரின் நம்பிக்கை குலையாமல் இருக்கச் செய்த சாமர்த்தியம் அது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பின்னர் அப்பொறுப்புக்கு வந்த கலோன் உண்மை நிலையை மன்னரிடம் சொன்னபோது, உபரி என்று நம்பியிருந்தவர்களுக்கு அது ஊழலாகத்தான் தெரிந்தது. 1788இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி கடனுக்கும் வட்டிக்குமே போயிற்று. வரிவிலக்கைக் கைவிடுமாறு பிரபுக்களையும் திருச்சபையையும் கேட்டுப் பார்த்தார்கள், மசியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் கருவூலம் கையை விரித்தது. வேறு வழியின்றி, 1614க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூடாத மூன்று வகுப்பினர் (திருச்சபையினர், பிரபுக்கள், பொதுமக்கள்) பேரவை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்டப்பட்டது.

1788 ஜூலையின் ஆலங்கட்டி மழையையும் பொய்த்த விளைச்சலையும் நான் மறக்கவில்லை. பாரிஸில் ரொட்டி விலை உச்சத்தைத் தொட்டது 1789 ஜூலை நடுவில்தான். ஆயினும் அதற்கு முன்னும் விளைச்சல் பொய்த்திருக்கிறது. 1775இல் மாவுக் கலகங்களே நடந்து அடக்கப்பட்டிருக்கின்றன. அப்போது பேரவை கூடியிருக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. மக்களின் கோபம் சென்று சேர ஓர் இடம் இருக்கவில்லை.

பிரிட்டனுக்கும் அதே போரினால் கடன் மலைபோல் குவிந்தது. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் பிரான்ஸைவிட அதிகம். ஆனால் பிரான்ஸுக்கு எதிரான போருக்காக 1694இல் இங்கிலாந்து வங்கியைத் தொடங்கி 12 லட்சம் பவுன் திரட்டிய நாள்முதல், வட்டிக்கு உரிய வரியை நாடாளுமன்றமே விதித்துவந்தது. கடன் கொடுத்தவர்களும் வரி விதித்தவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் வட்டி குறைவாக இருந்தது. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. அது நியாயமான விடை என்று சொல்ல மாட்டேன். உப்பு, பீர், சோப்பு மீதான வரிகளின் வழியே ஏழைகள் கணிசமாகக் கட்டினார்கள்.

மூன்றாவது நாடு அமெரிக்காவே. மாசசூசெட்ஸ் மாநிலம் போர்க் கடனைத் தீர்க்க வரியை உயர்த்தி, அதை உலோக நாணயத்தில் கட்டச் சொன்னது. போரில் சண்டையிட்ட உழவர்கள் சம்பளத்துக்குப் பதிலாகப் பெற்றிருந்த சான்றுச் சீட்டுகளை, கைச்செலவுக்கு வழியின்றி, பட்டணத்துத் தரகர்களிடம் முன்பே அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். இப்போது அதே சீட்டுகளுக்கு முழு மதிப்பையும் தரகர்களுக்குக் கொடுப்பதற்காக அந்த உழவர்களிடமே வரி கேட்கப்பட்டது. 1786இல் அவர்கள் கடன் வழக்குகள் நடக்காதபடி நீதிமன்றங்களை மறித்தார்கள். 1787 ஜனவரியில் டேனியல் ஷேஸ் தலைமையில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கை நோக்கிச் சென்று தோற்றார்கள். அவ்வாண்டு மே மாதம் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு கூடியபோது, அந்தக் கலகம் தந்த அச்சம் பலர் மனத்தில் இருந்தது. வரி விதிக்கும் அதிகாரமுள்ள ஒரு நடுவண் அரசு அங்கிருந்துதான் பிறந்தது.

ஏரிக்கரை

கணக்காயன் கணக்கேட்டின் பக்கமிருந்து பார்க்கிறார். நான் துப்பாக்கி ஏந்தியவனின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன். ரஷ்யாவில் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. முதல்முறை ஜார் தப்பினார், இரண்டாம்முறை தப்பவில்லை.

1905இல் ஜப்பானிடம் அடிமேல் அடி. ஜனவரியில் தலைநகரில் மனுக்கொடுக்க வந்த ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் நாடு தழுவிய வேலைநிறுத்தம். ஜார் ஓர் அறிக்கை விட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட டூமாவுக்கு (நாடாளுமன்றத்துக்கு) ஒப்புக்கொண்டார். ஆனால் செப்டம்பரிலேயே சமாதானம் கையெழுத்தாகிவிட்டதால், கிழக்கிலிருந்து திரும்பிய படைகளைக் கொண்டு கிராமங்களை அடக்க முடிந்தது. 1906 ஏப்ரலில், டூமா கூடுவதற்குச் சற்று முன், பிரெஞ்சு வங்கிகளின் தலைமையில் 225 கோடி பிராங்கு கடனும் கிடைத்தது. அந்தப் பணம் இருந்ததால் டூமாவின் தயவை நாட வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போயிற்று. வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின.

1917இல் இரண்டும் இல்லை. போரின் தொடக்கத்திலேயே வோட்கா விற்பனையைத் தடைசெய்து, அரசு வருவாயில் ஏறத்தாழக் கால்பங்கைத் தன் கையாலேயே இழந்திருந்தார்கள். எஞ்சிய பள்ளத்தை நோட்டு அடித்து நிரப்பினார்கள். தானியமே இல்லை என்று நினைக்க வேண்டாம். கடல்வழி ஏற்றுமதி பெரும்பாலும் அடைபட்டிருந்ததால், வெளிநாட்டுக்குப் போகவேண்டிய கோதுமை உள்நாட்டிலேயே கிடந்தது. ஆலைகள் எல்லாம் பீரங்கிக் குண்டு செய்யப் போய்விட்டதால், உழவர்கள் தானியத்தை விற்று வாங்குவதற்குத் துணியும் இல்லை, ஆணியும் இல்லை. மதிப்பிழக்கும் நோட்டுக்கு எதற்குக் கோதுமையைக் கொடுப்பது என்று களஞ்சியத்திலேயே வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்த கொஞ்சமும் படைக்குச் செல்லும் ரயில்களின் நெரிசலில் சிக்கியது.

அன்றைய தலைநகரான பெட்ரோகிராடின் வைபோர்க் பகுதி நூற்பாலைப் பெண்களை எண்ணிப் பாருங்கள். நீண்ட வேலை நேரம் ஒருபுறம். உறையும் குளிரில், விடியுமுன்பே ரொட்டிக் கடை வாசலில் மணிக்கணக்கில் நிற்கும் வரிசை மறுபுறம். முறை வரும்போது ரொட்டி தீர்ந்துபோயிருக்கும். பங்கீடு வரப்போகிறது என்ற வதந்தி கடைகளை மேலும் வேகமாகக் காலியாக்கியது. மார்ச் 8 (அவர்களின் பழைய நாட்காட்டியில் பிப்ரவரி 23) மகளிர் தினத்தன்று அப்பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறி, அருகிலிருந்த உலோகத் தொழிற்சாலைகளின் வாசலுக்குச் சென்று ஆண்களையும் அழைத்தார்கள். ஞாயிறன்று படையினர் சுட்டார்கள், பலர் இறந்தனர். 1905 கண்ணோட்டத்தில் பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் வோலின்ஸ்கி படைப்பிரிவு இனிச் சுட மறுத்துத் தன் அதிகாரியையே கொன்றது. நகரக் காவற்படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அண்மையில் சேர்க்கப்பட்டவர்கள், போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர்கள். அந்த வார முடிவுக்குள் முடியாட்சியே இல்லை.

ஆகவே செங்கழுநீர் அவர்களின் முதல் கேள்விக்கு என் விடை இது: பசித்தவர்களும், அவர்களைச் சுட அனுப்பப்படுகிறவர்களும் ஒரே குடும்பத்திலிருந்து வரத் தொடங்கும்போது துன்பம் திருப்புமுனையாகிறது. பெரும்போர்கள் செய்வது அதைத்தான். சிறிய தொழில்முறைப் படையை, பொதுமக்களிலிருந்து திரட்டிய பெரும்படையாக மாற்றிவிடுகின்றன.

செங்கழுநீர்

இருவருக்கும் நன்றி. இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. ஆனால் எனக்கு உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. போர் இருந்தது, பஞ்சம் இருந்தது, அந்நிய ஆட்சியின் மீது வெறுப்பும் இருந்தது. ஆயினும் கல்கத்தா பெட்ரோகிராட் ஆகவில்லையே, ஏன்?

நிலவரி

ஏனெனில் கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களும் அரசு ஊழியர்களும் பட்டினி கிடக்கவில்லை. போர் உற்பத்திக்குத் தேவையானவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்குத் தொழில் நிறுவனங்கள் வழியாகவும் அரசு வழியாகவும் குறைந்த விலையில் அரிசி வந்து சேர்ந்தது. இறந்தவர்கள் கிராமத்துக் கூலியாட்கள், மீனவர்கள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள், சிறு கைவினைஞர்கள். பர்மா 1942இல் ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குப் போய்விடக்கூடாது என்று, பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைக் கடலோர மாவட்டங்களில் அரசே பறிமுதல் செய்தது. ஆறுகளே சாலைகளாக இருந்த நாட்டில் அதன் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. அக்டோபரில் மிதினாப்பூர்ப் புயல் வேறு.

கணக்காயனின் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது, விடைதான் வேறு. இந்தியாவில் பிரிட்டன் செய்த போர்ச் செலவில் பெரும்பகுதிக்கு இங்கே ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டது. அதற்கு ஈடாக லண்டனில் ஸ்டெர்லிங் வரவு (பிரிட்டன் இந்தியாவுக்குப் பவுனில் தரவேண்டிய கடன்) எழுதப்பட்டது. அந்த வரவைக் கொண்டு போர் முடியும்வரை எதையும் வாங்க முடியாது. ஆக, ஒருபுறம் பணம் பெருகியது, மறுபுறம் சரக்கு குறைந்தது, விலை ஏறியது, கூலி ஏறாதவர் செத்தார். அவர்களிடம் யாரும் வரி கேட்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்த்து நிற்க ஒரு வரித்தண்டலர்கூட இல்லாமல், விலையேற்றத்தின் வழியாக அவர்கள் போருக்குச் செலுத்தி முடித்துவிட்டார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாத் தெருக்களுக்கு வந்துசேர்ந்தவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியைத்தான் வீடுவீடாகக் கேட்டார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்ட உடல் கலகம் செய்யாது.

இதற்கு நேரெதிரான ஒரு சான்று 1918இல் ஜப்பானில் கிடைக்கிறது. பெட்ரோகிராடைப் பேசும் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். முதல் உலகப் போர் ஜப்பானியத் தொழிலதிபர்களைக் கொழிக்கச் செய்தது. அரிசி விலையோ சைபீரியாவுக்குப் படை அனுப்பும் செய்தியால் இன்னும் எகிறியது. ஜூலையில் தொயாமா மாவட்டத்து உவோசு என்னும் மீனவர் ஊரில், வெளியூருக்குக் கப்பலேற இருந்த அரிசியைப் பெண்கள் திரண்டு மறித்தார்கள். சில வாரங்களில் அது நாடெங்கும் பரவியது. படையை இறக்கி அடக்கினார்கள். செப்டம்பரில் தெராவுச்சியின் அமைச்சரவை விலகியது. பிரபுப் பட்டம் இல்லாத ஹாரா தகாஷி பிரதமரானார். கட்சி அரசியலின் காலம் தொடங்கியது. பஞ்சம் என்று சொல்லத்தக்க அளவுக்கு அங்கே உணவு அற்றுப்போயிருக்கவில்லை. அரிசி தம் கண்முன்னே கப்பலேறிக் கொண்டிருந்ததும், அதைத் தடுக்கும் தெம்பு உடலில் இருந்ததுமே போதுமானதாக இருந்தன.

அக்கதைக்கு ஒரு வால் உண்டு. மீண்டும் அரிசிக் கலகம் வரக்கூடாது என்று, தன் ஆட்சியில் இருந்த கொரியாவிலும் தைவானிலும் நெல் சாகுபடியைப் பெருக்கி ஜப்பான் இறக்குமதி செய்தது. கொரியாவில் விளைச்சல் கூடியதைவிட ஏற்றுமதி வேகமாகக் கூடியதால், கொரியர்கள் தலைக்கு உண்ட அரிசி குறைந்தது. ஒரு நாட்டின் சனநாயகத் திருப்பத்துக்கான செலவை இன்னொரு நாடு கட்டியது.

ஐயப்பாடு

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. இதுவரை எழுதியவர்கள் எல்லோரும், திருப்பம் என்பது கீழிருந்து வரும் எதிர்ப்பினால் நிகழ்கிறது என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். ஜெர்மனி அதற்கு உட்படாது. செங்கழுநீரின் இரண்டாவது கேள்விக்கு அங்கேதான் விடை தேடவேண்டும்.

முதலில் ஒரு பரவலான தவறு. 1923இல் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்குக்கு விற்ற பணவீக்கத்தால் ஹிட்லர் வந்தார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவ்வாண்டு நவம்பரில் அவர் முயன்ற கலகம் ஒரே நாளில் முறியடிக்கப்பட்டது. புதிய நாணயம் வந்தது. 1928 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு. 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3 என்று அது ஏறியது விலைகள் வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில். 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 60 லட்சத்தைத் தாண்டினர்.

பணவீக்கத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. போரின்போது ஒன்பது முறை போர்க்கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன; தோற்றவர்கள் கட்டுவார்கள் என்ற கணக்கில் வரி பெரிதாக உயர்த்தப்படவில்லை. தோற்றது தாங்களே என்றானபின், அப்பத்திரங்களை வாங்கிய ஆசிரியர்கள், அலுவலர்கள், விதவைகள் ஆகியோரின் சேமிப்பு காகிதமாயிற்று. அந்த வடு இருந்ததால், 1930க்குப் பின் பணத்தைத் தளர்த்துவது என்ற பேச்சையே யாரும் எடுக்கத் துணியவில்லை. கூட்டணி அரசு அவ்வாண்டு மார்ச்சில் கவிழ்ந்தது எதனால் தெரியுமா? வேலையற்றோர் காப்பீட்டுக்கான பங்களிப்பை உயர்த்துவதா, உதவித்தொகையைக் குறைப்பதா என்ற தகராறினால். அதற்குப்பின் வந்த ப்ரூனிங், நாடாளுமன்றப் பெரும்பான்மை இன்றி, குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டங்களைக் கொண்டே சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார்.

வேலை இழந்தவர்கள் கம்யூனிஸ்டுகளின் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். நாஜிகளுக்கு வாக்குகள் குவிந்தது பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த சிற்றூர்களிலும் சிறு வணிகர், உழவர் நடுவிலும். அதாவது, அடுத்து வீழப்போவது தாங்கள்தாம் என்று அஞ்சியவர்களிடம். இறுதியில் 1933 ஜனவரியில் ஹிட்லரைப் பதவியில் அமர்த்தியது தெருவும் அன்று, பெரும்பான்மை வாக்கும் அன்று; அவரைக் கட்டிவைத்து ஆட்டுவிக்கலாம் என்று எண்ணிய பழைமைவாதத் தலைவர்கள் சிலர். நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஆள்வது மூன்றாண்டுகளாக வழக்கமாகிவிட்டிருந்ததால், அது பெரிய தாவலாகவும் தெரியவில்லை.

கணக்காயன்

ஐயப்பாடு அவர்களின் கடைசிப் பத்தியை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கு முந்தையது என் கருத்துக்கே வலுச்சேர்க்கிறது. சுமையைப் பேசித் தீர்க்கவேண்டிய மன்றத்தைப் பூட்டிவிட்டு ஆணைகளால் வெட்டினால் என்ன ஆகும் என்பதுதானே அது?

ஒப்பிட, 1940களின் பிரிட்டன். அங்கே வருமான வரியின் அடிப்படை வீதம் பவுனுக்குப் பத்து ஷில்லிங், அதாவது பாதி. பங்கீட்டு அட்டை பணக்காரனுக்கும் உண்டு. பேரரசு உச்சக்கட்டப் போரில் இருந்த 1942 டிசம்பரிலேயே பெவரிட்ஜின் சமூகப் பாதுகாப்பு அறிக்கை வெளிவந்து, மக்கள் வரிசையில் நின்று அதை வாங்கினார்கள். 1945 ஜூலையில் போரை வென்று தந்த சர்ச்சிலையே தோற்கடித்தார்கள். போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டி 1946இல் பங்கீட்டுக்கு வந்தது. அதே நெருக்கடிக்கு நடுவே 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. இத்தனை இன்னல்களைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், பங்கு ஓரளவு நேர்மையாகப் பிரிக்கப்படுகிறது என்ற எண்ணம். நிலவரி சொன்ன ஸ்டெர்லிங் வரவின் உரிமையாளர்கள் அந்தப் பங்கீட்டில் சேரவில்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

பனங்காடு

அண்மைக் காலத்துச் சான்று ஒன்று இல்லாமல் இந்த இழை முடிந்துவிடக்கூடாது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், பேட்டரி, சிமெண்ட் ஆகியவை யாழ்ப்பாணத்துக்குள் செல்லக் கட்டுப்பாடு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த இன்னல் நாட்டின் அரசியலைத் திருப்பவில்லை. அது ஒரு பகுதியின் இன்னலாகவே கருதப்பட்டது. நிலவரி வங்கக் கிராமங்களைப் பற்றிச் சொன்னதை இங்கும் பொருத்திப் பார்க்கலாம்.

போர் நடந்துகொண்டிருந்த 2007இல் அந்நாடு முதன்முறையாகப் பன்னாட்டுச் சந்தையில் 50 கோடி டாலருக்கு அரசுப் பத்திரம் விற்றது. போருக்குப் பின்னும் அந்த வழியிலேயே தொடர்ந்தது. 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8ஆகக் குறைத்தார்கள். பெருந்தொற்று, இரசாயன உரத் தடை, பின்னர் உக்ரைன் போரினால் ஏறிய எரிபொருள் விலை என ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. எரிபொருளுக்காக நிற்கும் வரிசை கொழும்புக்கு வந்த பிறகு, ஜூலை 9 அன்று மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தனர். போர் வெற்றியைச் சொல்லி ஆட்சிக்கு வந்த குடும்பத்தின் சனாதிபதி ஐந்தே நாளில் பதவி விலகினார். படையினர் அன்று பெருமளவில் சுடவில்லை என்பதை ஏரிக்கரை அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 2024இல் அதுவரை நாடாளுமன்றத்தில் மூன்றே இடங்கள் வைத்திருந்த கூட்டணி 225இல் 159 இடங்களைப் பிடித்தது.

இது திருப்புமுனையா என்று இப்போதே சொல்வது அவசரம் என்பேன். ஆட்சி மாறியது உண்மை. செலவை யார் ஏற்பது என்பதற்கான விடையோ அத்தேர்தலுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது: மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 விழுக்காடாயிற்று, 2023இல் உள்நாட்டுக் கடன் சீரமைக்கப்பட்டபோது, தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த கருவூலப் பத்திரங்களின் வட்டி குறைக்கப்பட்டது, வங்கிகள் வைத்திருந்த பத்திரங்கள் தொடப்படவில்லை. புதிய அரசும் பன்னாட்டு நாணய நிதியத்துடனான உடன்பாட்டைத் தொடரவே முடிவுசெய்தது.